பேருருக் குரங்கும் அனுமனும்: எலும்பு முந்தியா, கதை முந்தியா?

அனுமன் கடலைத் தாண்டுவதற்காக ஏறி நின்ற மகேந்திர மலை, நம் சீமையின் தெற்கு எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியே என்று நம்புகிறவர்கள் திருநெல்வேலிப் பக்கம் ஏராளம். வள்ளியூரிலிருந்து பணகுடிக்குப் பேருந்தில் போகும்போது சன்னலோரத்துப் பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளைக்கு அந்த மலையைக் கைநீட்டிக் காட்டுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையோடு அண்மைக் காலத்தில் வேறொரு செய்தியும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனாவில் பத்தடி உயரக் குரங்கின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது என்றும், வானரப் படை இருந்ததற்கு அதுவே அறிவியல் சான்று என்றும் கைபேசி வழியாக அது பரவுகிறது. இன்னொரு சாரார் அதே குரங்கைக் காட்டி, இமயமலைப் பனிமனிதன் இன்றும் உயிரோடு இருக்கிறான் என்கிறார்கள்.

அப்படியொரு குரங்கு வாழ்ந்தது உண்மை. ஆனால் அதன் எலும்புக்கூடு இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஏறத்தாழ 2,000 பற்களும் நான்கு கீழ்த்தாடைகளும் மட்டுமே. அவ்வளவு குறைந்த பொருளிலிருந்து அறிஞர்கள் எதை உறுதியாகச் சொல்கிறார்கள், எதைக் கணக்குப்போட்டு ஊகிக்கிறார்கள் என்பது விளங்கிவிட்டால், அனுமன், பனிமனிதன் ஆகிய இருவரைப் பற்றிய குழப்பமும் தானாகவே தெளிந்துவிடும் என்று நான் கருதுகிறேன்.

மருந்துக்கடையில் கிடைத்த பல்

திருநெல்வேலியில் உள்ள பழைய நாட்டு மருந்துக்கடை ஒன்றில் நண்டுக்கல் கேட்டுப் பாருங்கள். சித்த மருத்துவத்தில் சிறுநீரகக் கல்லுக்குப் பற்பம் செய்யப் பயன்படும் சரக்கு அது. கையில் வாங்கிப் பார்த்தால் நண்டின் ஓடும் காலும் கல்லாகவே சமைந்திருப்பது தெரியும். மண்ணில் புதைந்த உயிரின் உடற்பகுதி, மிக நெடுங்காலத்தில் தாதுக்கள் ஊறிக் கல்லாக மாறியதைப் புதைபடிவம் என்கிறோம். நண்டுக்கல் ஒரு புதைபடிவம்.

சீன மருந்துக்கடைகளிலும் இதே வழக்கம் உண்டு. குகைகளில் கிடைக்கும் பழைய எலும்புகளையும் பற்களையும் ‘டிராகன் எலும்பு’, அதாவது பறவைநாக எலும்பு என்ற பெயரில் பொடித்து மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்டு என்ற ஆய்வாளர் இதை அறிந்து, கடை கடையாகச் சென்று பற்களைத் தேடினார். 1935-இல் ஹாங்காங்கில் ஒரு மருந்துக்கடையில் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள கடைவாய்ப்பல் ஒன்று அவர் கைக்கு வந்தது. வடிவம் மனிதக் குரங்கின் பல்லைப் போல இருந்தது. அளவோ அதுவரை யாரும் கண்டிராத அளவு. கிரேக்க மொழியில் ‘பேருருக் குரங்கு’ என்று பொருள்படும் ஜைகான்டோபிதிகஸ் என்ற பெயரை அவர் அதற்கு வைத்தார். சீனாவில் கிடைத்த தொல்மனிதனான பீக்கிங் மனிதனை ஆய்ந்து, அதற்கு முந்தைய ஆண்டு காலமான டேவிட்சன் பிளாக்கின் நினைவாகப் ‘பிளாக்கி’ என்பதும் சேர்ந்தது. இனி இக்கட்டுரையில் அதைப் பேருருக் குரங்கு என்றே அழைக்கிறேன்.

கடைச்சரக்குக்கு ஊர் பேர் தெரியாது. அந்தப் பல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது இருபது ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. 1956-இல் தென்சீனாவின் குவாங்சி பகுதியில், லியூசெங் என்ற இடத்துக் குகையில் முதல் கீழ்த்தாடை கிடைத்தது. தாழையூத்தில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லால் ஆன குன்றுகள் நிறைந்த நாடு குவாங்சி. மழைநீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து அங்கே எண்ணற்ற குகைகளை உண்டாக்கியிருக்கிறது. பேருருக் குரங்கின் பற்களில் மிகப் பெரும்பாலானவை அக்குகைகளின் மண்ணில்தான் கிடைத்தன.

பல் என்னென்ன சொல்லும்?

வெறும் பல்லை வைத்துக்கொண்டு என்ன சொல்லிவிட முடியும் என்ற ஐயம் வருவது இயல்பு. ஆனால் மேலப்பாளையம் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த ஐயம் வராது. ஆட்டின் வாயைத் திறந்து, பல் போட்டிருக்கிறதா, இரண்டு பல்லா, நான்கு பல்லா என்று பார்த்தே வயதைச் சொல்லி விலை பேசுகிறார்கள். உடம்பிலேயே கடினமான பொருள், எனாமல் என்று நாம் சொல்லும் பற்சிப்பி. எலும்பு மக்கிய பிறகும் அது நிற்கும். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது உண்ட உணவின் அடையாளம் அதற்குள்ளேயே அடைபட்டுப்போகும், பின்னர் மாறுவதில்லை.

அந்த அடையாளத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சீமையில் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைகிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் சோளமும் கம்பும் விளைகின்றன. எல்லாப் பயிரும் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்தே வளர்கின்றன. அந்த வாயுவில் உள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று வீதம் சற்றே எடை கூடியது. நெல்லும் காட்டு மரங்களும் எடை கூடிய கார்பனைப் பெரிதும் ஒதுக்கிவிடும் வகையைச் சேர்ந்தவை. சோளம், கம்பு, கரும்பு, வெப்பநாட்டுப் புல் ஆகியவை அதை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆகவே நெற்சோறு உண்டு வளர்ந்தவர் பல்லிலும் கம்பங்கஞ்சி குடித்து வளர்ந்தவர் பல்லிலும் கனத்த கார்பனின் விகிதம் வேறுபடும். ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறுபட்ட இத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்பார்கள். பேருருக் குரங்கின் பற்களை இப்படி ஆய்ந்தபோது, அது காட்டு மரங்களின் பழம், இலை, தண்டு முதலியவற்றையே உண்டது என்றும், அருகில் புல்வெளி இருந்தபோதும் புல்லை நாடவில்லை என்றும் தெரியவந்தது.

அடுத்த கேள்வி உறவு பற்றியது. இதற்கு ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளலாம். உ.வே.சாமிநாதையர் ஆழ்வார்திருநகரி வரை வந்து சுவடி தேடியதை நம் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே நூலின் பல படிகளை ஒப்பிடுகிறவர், இரண்டு படிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே தாய்ப்படியிலிருந்து எழுதப்பட்டவை என்று அறிந்துகொள்வார். உயிர்களின் புரதமும் அப்படிப்பட்டதே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கண்ணிகள் ஒரு வரிசையில் கோத்த சங்கிலி. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும்போது வரிசையில் எங்கேனும் ஒரு கண்ணி மாறும். மாறியது வழிவழியாக வரும். குவாங்சிக் குகையொன்றில் கிடைத்த, ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுப் பழமையான கடைவாய்ப்பல்லின் பற்சிப்பியிலிருந்து புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்து 2019-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். வெப்பமான அந்நாட்டில் அவ்வளவு பழைய மரபணுப் பொருள் எஞ்சாது, புரதம் எஞ்சியது. ஒப்பிட்டுப் பார்த்ததில், பேருருக் குரங்குக்கு மிக நெருங்கிய உறவு போர்னியோ, சுமத்ரா தீவுகளில் இன்றும் வாழும் ஒராங்குட்டான் என்று உறுதியாயிற்று. இரண்டுக்கும் பொதுவான முன்னோர் வாழ்ந்தது 1 கோடி முதல் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனிதனுக்கு அது தூரத்து உறவுதான்; ஆனால் 1940-களில் ஃபிரான்ஸ் வைடன்ரைக் என்ற பெரிய அறிஞரே அதை மனிதனின் பேருரு முன்னோர் என்று எழுதியிருந்தார். பாட்டன்மார் எல்லாரும் அரக்கர் அளவில் இருந்தார்கள் என்ற பேச்சுக்கு அந்தக் கருத்து வெகுகாலம் துணைநின்றது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தென்சீனக் காடுகளில் வாழ்ந்த, மரஉணவு உண்ட, ஒராங்குட்டானின் கிளையைச் சேர்ந்த மிகப் பெரிய குரங்கு இது. இவ்வளவும் பல் தந்த செய்தி. இதில் ஊகம் மிகக் குறைவு.

பத்தடி என்ற கணக்கு

உயரத்தில்தான் ஊகம் தொடங்குகிறது. நெல்லையப்பர் தேரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றும், அதன் கடையாணி மட்டும் கையில் கிடைத்தது என்றும் வைத்துக்கொள்வோம். ஆணியின் பருமனைப் பார்த்து இது மாட்டுவண்டிக்கு உரியதன்று, பெருந்தேருக்கு உரியது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். தேர் எத்தனை அடுக்கு, எவ்வளவு உயரம் என்று கேட்டால், தெரிந்த வேறு தேர்களின் கடையாணியையும் உயரத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடத்தான் முடியும். பேருருக் குரங்கு 3 மீட்டர் உயரம், 200 முதல் 300 கிலோ எடை என்று சொல்வதெல்லாம் இப்படி, இன்றுள்ள மனிதக் குரங்குகளின் பல்லுக்கும் உடம்புக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு போட்ட கணக்கு. பல் மிகப் பெரிதாகவும் உடம்பு அந்த அளவுக்குப் பெரிதாக இல்லாமலும் இருக்கும் விலங்குகள் உண்டு. ஆகவே அந்த எண்ணைச் சொல்லும்போது ‘இருக்கலாம்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

கையெலும்பும் காலெலும்பும் ஏன் கிடைக்கவில்லை? நம் மலையடிவாரத்தில் கிழங்கு பயிரிடுகிறவர்களுக்கு முள்ளம்பன்றியை நன்றாகத் தெரியும். வளர்ந்துகொண்டே இருக்கும் தன் முன்பற்களைத் தேய்க்கவும், சுண்ணாம்புச் சத்துக்காகவும் அது எலும்புகளைக் கொறிக்கும். கொறிக்க எடுத்த எலும்பை வளைக்கும் குகைக்கும் இழுத்துச்செல்லும். குவாங்சிக் குகைகளில் எலும்பைக் கொண்டுவந்து சேர்த்ததிலும் தின்று தீர்த்ததிலும் முள்ளம்பன்றிக்குப் பெரும்பங்கு உண்டு. கிடைத்த பற்களிலும் பலவற்றுக்கு வேர் இல்லை. கொறிக்க முடியாத, பற்சிப்பி மூடிய மேற்பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது.

இடுப்பெலும்போ தொடையெலும்போ இல்லாததால், அது எப்படி நடந்தது என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. உறவினமான ஒராங்குட்டானையும் உடல் எடையில் ஒத்த கொரில்லாவையும் பார்க்கையில், தரையில் நான்கு காலில் நடந்த விலங்காகக் கொள்வதே பொருந்தும். மனிதனைப் போல நிமிர்ந்து நடக்கும் உருவமாகப் பரவும் படங்கள் ஓவியரின் கற்பனை.

குடத்தில் நிறைந்த காலம்

பேருருக் குரங்கு ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தென்சீனாவில் இருந்தது. அது எப்போது அழிந்தது என்பதை 2024 ஜனவரியில் வெளியான ஆய்வு மிகத் துல்லியமாகக் காட்டியது. குவாங்சியில் 22 குகைகளின் மண்ணையும் பற்களையும் ஆறு வெவ்வேறு முறைகளில் காலம் கணித்தார்கள். அவற்றுள் ஒரு முறையை மட்டும் விளக்குகிறேன்.

குழாய் ஒன்று நிதானமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. கீழே வெற்றுக் குடம். சொட்டும் வேகம் தெரிந்தால், குடத்தில் இருக்கும் நீரை அளந்து, குடத்தை எப்போது வைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். மணற்பருக்கையும் ஒரு குடம்தான். சுற்றியுள்ள மண்ணில் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சினால் பருக்கைக்குள் சிறிது சிறிதாக ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். வெயில் பட்டால் அத்தனையும் கொட்டிக் குடம் வெறுமையாகும். நம் தேரிக்காட்டில் வெயிலில் கிடக்கும் செம்மணலின் மேற்பருக்கை எப்போதும் வெற்றுக் குடம். அதன் மேல் வேறு மண் மூடி இருட்டானதும் நிறையத் தொடங்கும். ஆய்வகத்தில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், சேர்ந்த ஆற்றலை மங்கிய ஒளியாக வெளிவிடும். அதை அளந்தால், வெயிலைக் கடைசியாகக் கண்டது எப்போது என்பது தெரியும். இதை ஒளிர்வுக் காலக்கணிப்பு என்பார்கள்.

கணித்ததில், பேருருக் குரங்கு 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன்பு அழிந்தது என்று தெரிந்தது. அதற்கு மூன்று நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பருவங்களின் வேறுபாடு கூடி, ஆண்டு முழுதும் பழம் தந்த அடர்காடு விலகித் திறந்த காடாக மாறத் தொடங்கியிருந்தது. பழம் குறைந்த மாதங்களில் பேருருக் குரங்கு பட்டை, சுள்ளி போன்ற சத்துக் குறைந்த நார்ப்பொருளை நம்பியது. அதே காட்டில் வாழ்ந்த ஒராங்குட்டான் இனம் உடலால் சிறியது. மரத்துக்கு மரம் எளிதில் இடம்பெயர்ந்து, கிடைத்ததை உண்டு, காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டது. பேருருக் குரங்கின் பிற்காலப் பற்களில், நீண்ட காலம் உணவுநெருக்கடியில் வாழ்ந்ததன் தடம் இருக்கிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டு நிலைத்து நின்ற ஓர் இனம், பசியில் தேய்ந்த கதை அது.

இந்தக் காலத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள ஓர் அளவுகோல் சொல்கிறேன். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆண்டு வயது. அந்த 3,000 ஆண்டை ஓர் அடி என்று வைத்துக்கொண்டால், கடைசிப் பேருருக் குரங்கு 72 அடிக்கு அப்பால் இருக்கிறது. நம் இனத்து மனிதர் தென்சீனாவுக்கு வந்ததாக முன்வைக்கப்படும் மிகப் பழைய கணக்கை ஏற்றுக்கொண்டாலும், அவர்கள் நிற்பது 40 அடி தொலைவில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வழியில்லை. பார்க்காத ஒன்றின் நினைவு கதையாகத் தங்கியிருக்கவும் வழியில்லை.

வாலும் பெயரும்

அனுமனிடம் வருவோம். விலங்கியலில் குரங்கு என்ற பெருங்கூட்டத்துக்குள், கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி ஆகியவற்றை வாலில்லாக் குரங்குகள் என்று தனியே பிரிப்பார்கள். பேருருக் குரங்கும் அந்த வகை. அதற்கும் வால் இருந்திருக்காது. அனுமனுக்கோ வால்தான் பெருமை. இலங்கையை எரித்ததும் அந்த வால்தான். இரண்டையும் ஒன்றென்று சொல்லுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் யோசித்தாலே போதும்.

தமிழ்நாட்டுக் காடுகளில் வாலில்லாக் குரங்கு கிடையாது. இந்தியாவில் வாலில்லாக் குரங்கு இன்று இருப்பது வடகிழக்கில் மட்டும்; அது ஹூலக் கிப்பன். அதனால்தான் வாலில்லாக் குரங்கைக் குறிக்கும் ‘ஏப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் பழஞ்சொல் இல்லை. இருக்கும் குரங்குகளுக்கோ பெயர் பஞ்சமில்லை: தொல்காப்பியம் குரங்கு, முசு, ஊகம் என்று வேறுபடுத்திச் சொல்லுகிறது, மந்தி, கடுவன் என்று பெண்ணுக்கும் ஆணுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. களக்காடு, முண்டந்துறைக் காடுகளில் கருமந்தியும் சிங்கவால் குரங்கும் இன்றும் வாழ்கின்றன. குற்றாலத்தில் நாட்டுக் குரங்கு நம் கையிலிருந்தே பழத்தைப் பறிக்கும். சாம்பவானுக்கு உருக்கொடுத்த கரடியும் இதே மலையில் திரிகிறது. வானரரையும் கரடி வேந்தனையும் படைத்த கவி மனம் எதைப் பார்த்துப் படைத்தது என்பதற்குக் குவாங்சிக் குகைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

பெயர்களும் ஒரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கின்றன. இமயத்தின் அடிவாரமான சிவாலிக் குன்றுகளில் கிடைத்த தொல்குரங்குகளுக்கு சிவபிதிகஸ், ராமபிதிகஸ், சுக்ரீவபிதிகஸ் என்றெல்லாம் பெயர் உண்டு. இவற்றைக் காட்டி, ‘விஞ்ஞானிகளே சுக்ரீவனை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பெயர் வைத்த ஆய்வாளர்கள் அந்த மண்ணின் தெய்வப் பெயர்களை மரியாதைக்காக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அதில் பொருள் இல்லை. ராமபிதிகஸ் என்பது தனியினமே இல்லை, சிவபிதிகஸின் ஒரு வடிவம்தான் என்று பின்னர் தெரிந்துவிட்டது. இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கரில் கிடைத்த பெரிய தாடை ஒன்றை 1969-இல் பேருருக் குரங்கின் இந்திய வகை என்று விவரித்தார்கள். இன்று அதை இந்தோபிதிகஸ் என்ற வேறு இனமாகக் கொள்கிறார்கள். அதன் வயது ஏறத்தாழ 86 லட்சம் ஆண்டு. நம் அடிக்கணக்கில் முக்கால் கிலோமீட்டருக்கும் அப்பால். அப்போது மனிதக் கிளையே தோன்றியிருக்கவில்லை.

சுருங்கச் சொன்னால், வால், இடம், காலம் மூன்றும் பொருந்தவில்லை; பொருந்துவதாகத் தோன்றுவது பெயர் மட்டும்.

பனிமனிதன்

பனிமனிதனுக்கும் பேருருக் குரங்குக்கும் முடிச்சுப் போட்டவர்களுள் ஆய்வாளர்களும் உண்டு. அமெரிக்காவில் குரோவர் கிரான்ட்ஸ் என்ற மானிடவியலாளர், அந்நாட்டில் பேசப்படும் பிக்ஃபுட் என்ற காட்டுமனிதன் பேருருக் குரங்கின் வழித்தோன்றல் என்று இறுதிவரை வாதிட்டார். தாடை பின்பக்கம் அகன்றிருப்பதால் அது நிமிர்ந்து நடந்திருக்கும் என்பதும் அவர் கருத்து. ஆனால் வெப்பக் காட்டை விட்டு நீங்க முடியாமல் அழிந்த விலங்கு, பனிநாடுகளைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தது என்பதற்கு வழியில் ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை.

இமயத்தில் 1951-இல் எரிக் ஷிப்டன் எடுத்த காலடிப் படம் உலகெங்கும் பேசப்பட்டது. 2019 ஏப்ரலில் மகாலு மலை முகாமருகே பெரிய காலடிகளைக் கண்டதாக இந்திய ராணுவம் படம் வெளியிட்டதும் நினைவிருக்கும். பனியில் பதிந்த தடம் வெயிலில் உருகி விரியும்; கரடியின் முன்காலும் பின்காலும் ஒன்றன்மேல் ஒன்று பதிந்தால் ஒற்றைப் பெரிய பாதம்போலத் தெரியும். தடத்தைவிட உறுதியானது மரபணு. பனிமனிதனுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, பல், தோல், மயிர் உள்ளிட்ட ஒன்பது பொருள்களை ஆய்ந்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். எட்டு, கரடிகளுடையவை, ஒன்று நாயுடையது.

தாழிக்குள் இருந்த தாத்தா

என் சிறு வயதில் முதுமக்கள் தாழியைப் பற்றிக் கேட்ட கதை இது. அந்தக் காலத்தில் மனிதர்கள் சாகவே மாட்டார்கள். வயதாக ஆகச் சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்கள். அவர்களைத் தாழிக்குள் உட்காரவைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடிவிடுவார்கள். தாமிரபரணிக் கரையெங்கும் இக்கதை உண்டு. உண்மையில் அவை இறந்தோரைப் புதைத்த தாழிகள். வயலில் கலப்பை தட்டி வெளிவந்த பானைக்குள் எலும்பைக் கண்டவர்கள், ஒரு ஆள் இதற்குள் எப்படி அடங்கினான் என்று வியந்து, அந்த வியப்புக்கு விடையாகக் கதையைக் கட்டினார்கள். சீன மருந்துக்கடையில் குரங்கின் பல் பறவைநாகத்தின் பல்லானதும் இதே வழியில்தான்: எலும்பு முதலில் வந்தது, கதை அதன் பின்னே வந்தது.

அனுமன் விஷயத்தில் வரிசை நேர்மாறு. கதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. பல் கிடைத்தது 1935-இல். முன்பே இருந்த கதைக்குள் புதிதாகக் கிடைத்த எலும்பைத் திணிக்கிறார்கள். எலும்பு கிடைக்காதபோது செய்தும் விடுகிறார்கள். கடோத்கசனின் எலும்புக்கூடு என்று 2004 முதல் இந்தியாவில் சுற்றிவரும் படம், நியூயார்க் மாநிலத்தில் யானையினத் தொல்விலங்கு ஒன்றைத் தோண்டிய குழியின் படத்தோடு மனித எலும்புக்கூட்டை இணைத்து, ஒரு படப்போட்டிக்காக 2002-இல் செய்தது. அனுமனை வணங்குகிற வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வழிபாட்டுக்கு இப்படியொரு சான்று வேண்டியதாக ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை.

பேருருக் குரங்கைப் பற்றி நான் காத்திருப்பது வேறொன்றுக்காக. குவாங்சியில் எண்ணற்ற குகைகள் இருக்கின்றன; வியட்நாமின் வடபகுதியிலும் அதன் பற்கள் கிடைத்திருக்கின்றன. முள்ளம்பன்றி நுழைய முடியாத ஏதோ ஒரு பிளவுக்குள் ஒரு தொடையெலும்பு முழுதாகக் கிடந்தால் போதும். மூன்று மீட்டர் என்ற கணக்கு நிற்குமா, நான்கு காலில் நடந்ததா என்ற இரண்டு கேள்விகளும் அன்றே தீர்ந்துவிடும்.